சித்திரையில் நடுக: மேற்குச் சிட்னி வீட்டுத் தோட்டத்தில் இம்மண்ணின் செடிகள்

மேற்குச் சிட்னியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பின்வளவில் கறிவேப்பிலையும் முருங்கையும் கத்தரிப் பாத்தியும் இருப்பது வழக்கம். அண்மைக் காலமாக அவற்றின் அருகே இந்நாட்டுக்குரிய செடிகளுக்கும் ஓரிடம் ஒதுக்க விரும்புவோர் உளர். ஆயினும் அவர்களிற் பலரது முயற்சி ஒரே விதமாக முடிகிறது. செப்டெம்பர் மாதத்தில், நாற்றுப்பண்ணையில் பூத்துக் குலுங்கி நிற்கும் கிரெவிலியா ஒன்று கண்ணைக் கவர்கிறது. அது வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, ஆழக் குழி தோண்டி, கோழி எரு இட்டு நடப்படுகிறது. நாள்தோறும் தண்ணீரும் ஊற்றப்படுகிறது. தைப்பொங்கலுக்குள் செடி பட்டுவிடுகிறது. இந்நாட்டுச் செடிகளுக்குப் பராமரிப்பே தேவையில்லை என்று கேள்விப்பட்டவர்களுக்கு இது பெரும் ஏமாற்றமாகிறது.

அந்தச் செடி கவனிப்பாரின்றி இறக்கவில்லை. தவறான மாதத்தில் நடப்பட்டு, ஒவ்வாத உணவு ஊட்டப்பட்டதாலேயே இறந்தது. இன்னுஞ் சில வீடுகளில் நடப்பது இதனினும் வருந்தத்தக்கது. செடி இறப்பதே இல்லை. அதன் ஓய்வுக் காலத்தில் இறந்துவிட்டதாகக் கருதிப் பிடுங்கி எறியப்படுகிறது. இவை யாவும் ஒரே காரணத்தால் விளைபவை. இம்மண்ணின் செடிகள் வேறொரு காலக்கணக்கில் வாழ்கின்றன. அக்கணக்கை அறிந்துகொள்ள ஓர் ஆண்டு முழுவதும் தேவைப்படுகிறது.

ஆடியும் சித்திரையும்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது மழையை எதிர்நோக்கும் தமிழ் மண்ணில் பிறந்த பழமொழி. மேற்குச் சிட்னியில் ஆடி மாதம், அதாவது ஜூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் நடுப்பகுதி வரை, கடுங்குளிர்க் காலம். திறந்த வெளிகளிலும் தாழ்ந்த நிலங்களிலும் விடியற்காலையில் உறைபனி படிவதுண்டு. அதன் பின்னும் மழை உடனே வருவதில்லை. குளிர்காலத்தின் பிற்பகுதியும் வசந்தத்தின் தொடக்கமுமே இங்கு ஆண்டின் வறண்ட காலம். ஆண்டுக்கு ஏறத்தாழ 700 முதல் 900 மில்லிமீற்றர் வரை பெய்யும் மழையிற் பெரும்பகுதி கோடையிலும் இலையுதிர் காலத்திலுமே கிடைக்கிறது.

செப்டெம்பரில் நட்ட செடிக்கு வேர் பிடிக்கக் கிடைப்பவை பத்துப் பன்னிரண்டு வாரங்களே. அதற்குள் வெயில் ஏறிவிடும். கடற்காற்று எட்டாத மேற்குப் புறநகர்களில் வெப்பம் எவ்வளவு உயரக்கூடும் என்பதற்கு 2020 ஜனவரி 4ஆம் நாள் சான்றாகும். அன்று பென்ரித்தில் 48.9 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. ஒரு சாண் ஆழத்துக்கு மட்டும் வேர் விட்டிருக்கும் இளஞ்செடி அத்தகைய நாளைத் தாங்காது.

ஏப்ரல், மே மாதங்களில் நிலைமை நேர்மாறானது. வெயில் தணிந்திருக்கும், ஆனால் கோடையில் ஏறிய சூடு மண்ணுள் இன்னும் தங்கியிருக்கும். நீர் விரைவில் ஆவியாகாது. இக்காலத்தில் நடப்பட்ட செடி மேலே வளராமல் நிற்பது போலத் தோன்றினும் கீழே வேர் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த கோடை வருமுன் அதற்கு ஏழு, எட்டு மாதங்கள் கிடைத்துவிடுகின்றன. ஆகவே தமிழ் வீடுகளுக்கு எளிதில் நினைவில் நிற்கும் கணக்கு இதுதான்: இம்மண்ணின் செடிகளைச் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நடுதல் நன்று. ஊரில் கடும் வெயில் தொடங்கும் மாதம் இங்கு நடுகைக்கு உகந்த மாதமாகிறது.

ஆறு பெரும்பொழுதுகள்

ஆண்டை நான்கு பருவங்களாகப் பகுக்கும் முறை இந்நாட்டுக்கு ஐரோப்பியருடன் வந்தது. சிட்னியின் தெற்கே வாழ்ந்துவரும் தொன்முதல் மக்களாகிய தாரவால் இனத்தவரின் மரபுக் கணக்கில் பருவங்கள் ஆறு. தாவரவியலாளரும் தாரவால் மூத்தோருமாகிய பிரான்சிஸ் போட்கின் பகிர்ந்த அறிவின் அடிப்படையில் அமைந்த இந்த நாட்காட்டியை அவுஸ்திரேலிய வானிலை ஆய்வகம் வெளியிட்டுள்ளது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனத் தொல்காப்பிய காலந்தொட்டு ஆறு பெரும்பொழுதுகளை அறிந்த தமிழருக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

ஒரு வேறுபாடு உண்டு. தமிழ்ப் பெரும்பொழுது ஒவ்வொன்றும் இரண்டு மாதம். தாரவால் பருவங்களின் நீளம் ஒன்றாக இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை வெப்பமும் வறட்சியும் கொண்ட ஒரே பருவம். குளிரும் காற்றும் மிகுந்த ஓகஸ்ட் மாதமோ தனித்தே ஒரு பருவம். பருவம் மாறுவதைத் தேதியைக்கொண்டு அறிவதில்லை. உயிர்களின் செயலைக்கொண்டே அறிகின்றனர். லில்லிபில்லிப் பழம் கனியத் தொடங்கினால் குளிர் நெருங்குகிறது. வாராட்டா மலர்ந்தால் குளிர் விலகுகிறது. கோடையில் ஒருவகை வாட்டில் பூக்கும்போது காட்டருகே தீ மூட்டலாகாது என்பது அம்மரபின் விதி.

மேற்குச் சிட்னியின் பெரும்பகுதி டாருக் மக்களின் நிலமாதலால், அயல் நிலத்துக்குரிய நாட்காட்டியை அப்படியே இங்கு பொருத்துவது சரியாகாது. ஆனால் செடியைப் பார்த்துக் காலத்தை அறியும் அந்த முறை எந்த வீட்டு முற்றத்துக்கும் பொருந்தும். ஊரில் வேம்பு பூப்பதையும் மா துளிர்ப்பதையும் கொண்டு மாதத்தைச் சொல்லிய முதியோர் வீட்டில் இருப்பின், இவ்வேலைக்கு அவர்களைவிடத் தகுதியானோர் இலர்.

முற்றத்தில் ஓர் ஆண்டு

துங்காபி, வென்ட்வர்த்வில், பெண்டில் ஹில் முதலிய இடங்களில் வீடுகள் எழுமுன் அங்கு பரந்திருந்தது கம்பர்லாந்துச் சமவெளி மரக்காடு. கிரே பொக்ஸ், பொரஸ்ற் ரெட் கம், அயன்பார்க் ஆகிய யூக்கலிப்டசு மரங்கள் இடைவெளி விட்டு நிற்க, அவற்றின் கீழே புல்லும் சிறு பூண்டுகளும் நிறைந்த நிலம் அது. அதில் இன்று எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2009ஆம் ஆண்டில் அது மிகக் கடுமையான அழிவபாயத்தில் உள்ள தாவரச் சமுதாயமாக மத்திய அரசின் சட்டத்தின் கீழ்ப் பட்டியலிடப்பட்டது. எஞ்சிய துண்டுகள் ஒன்றுக்கொன்று தொலைவில் கிடக்கின்றன. அவற்றிடையே பறக்கும் தேனீக்கும் சிறு குருவிக்கும் வழியில் உணவும் நிழலும் தரக்கூடியவை வீட்டுத் தோட்டங்களே. பத்துச் சதுர மீற்றர் பாத்தியும் இவ்வகையிற் பயன்படும்.

அத்தகைய பாத்தியில் சித்திரையில் நட்ட செடிகளுள் முதலில் முகங்காட்டுவது பெரும்பாலும் அரிவாள் வடிவ இலை கொண்ட வாட்டிலாகிய அக்கேசியா பல்காட்டா. இது இரண்டு முதல் ஐந்து மீற்றர் வரை வளரும் குறுமரம். இலையுதிர் காலம் முதல் குளிர்காலம் வரை வெளிர்மஞ்சள் உருண்டைகளாகப் பூக்கும். வாட்டில் என்றாலே வசந்தத்தில் பூப்பது என்று எண்ணுவோர் பலர். பரமட்டா நகரின் பெயரைத் தாங்கிய பரமட்டா வாட்டில் நவம்பர் தொடங்கிக் கோடையில் பூக்கிறது. சரியான இனங்களைத் தேர்ந்தால் ஆண்டின் பெரும்பகுதி மஞ்சள் பூ காணலாம். எனினும் பரமட்டா வாட்டில் உயர்ந்த மரமாவதால் சிறு வளவுக்கு ஏற்றதன்று. இவை யாவும் கருவேலத்தின் உறவினங்கள் என்பது இலைகளைப் பார்த்தால் எளிதில் புலப்படாது. பூவை முகர்ந்து பார்த்தால் ஓரளவு விளங்கும்.

ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில், வீட்டார் வெளியே வரவே தயங்கும் குளிரில், ஹார்டன்பேர்ஜியா என்னும் கொடி ஊதாப் பூக்களால் வேலியை மூடும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இக்கொடி களிமண்ணுக்கு அஞ்சாது. புதிதாகத் தொடங்குவோர் ஒரே ஒரு செடியை மட்டும் நட விரும்பினால் இதையே நடலாம். பூத்து முடிந்தவுடன் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் விட்டால் அடிப்பகுதி வெறுங்குச்சியாகிவிடும்.

செப்டெம்பரில் அவுஸ்திரேலிய அவுரி இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. நீலச்சாயத்துக்காகத் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்ட அவுரியும் இதுவும் ஒரே பேரினம். மென்மையான இச்செடிக்கு மரநிழல் வேண்டும்.

ஒக்டோபர், நவம்பரில் டயனெல்லாவின் சிறு நீலப் பூக்கள் விரியும். சமையலறைத் தோட்டம் உடையோர் குறிப்பாக அறிய வேண்டிய செடி இது. இதன் மகரந்தம் சிறு துளையுள்ள பைகளில் அடைபட்டிருக்கிறது. தேனீ பூவைப் பற்றிக்கொண்டு அதிர்ந்தால்தான் அது கொட்டும். இவ்வாறு அதிர வல்லது நீலப்பட்டைத் தேனீ. கத்தரியும் தக்காளியும் இதே அமைப்புக் கொண்டவை. அதிர்வால் அவற்றின் காய்ப்பு மேம்படுகிறது. இறக்குமதியாகி வந்த சாதாரணத் தேனீயால் அவ்வாறு அதிர இயலாது. டயனெல்லாவை நாடி வரும் நீலப்பட்டைத் தேனீ பக்கத்துப் பாத்தியின் கத்தரிப் பூவையும் விடுவதில்லை. குளிர் வந்ததும் வளர்ந்த தேனீக்கள் மடிகின்றன. அவற்றின் குஞ்சுகள் மண்ணிலும் பழைய சாந்துச் சுவரிலும் உள்ள அறைகளில் உறங்கி, அடுத்த வெப்பக் காலத்தில் வெளிவருகின்றன. எனவே பாத்தி முழுவதையும் மரத்தூளால் மூடிவிடாது, வெயில் படும் ஓரத்தில் கொஞ்சம் வெறுமண்ணை விட்டுவைப்பது நல்லது. டயனெல்லாவின் நீலக்காய்கள் அழகானவை. அவற்றிற் சிலவகை நஞ்சுள்ளவை எனக் கருதப்படுவதால் குழந்தைகளை உண்ண விடலாகாது.

நத்தார்க் காலத்தில் பேர்சாரியா பூக்கும். முள் நிறைந்த, அழகற்ற புதர் என்று ஆண்டின் பத்து மாதங்களுக்குத் தோன்றும் இச்செடி, அப்போது தேன்மணம் கமழும் வெண்பூக்களால் மூடப்பட்டு வண்டும் வண்ணத்துப்பூச்சியுமாக இரையும். அதன் முள்ளே அதன் சிறப்பு. நீல நிறச் சிறுகுருவியான பெயரி ரென் பூனைக்கும் பெரிய பறவைகளுக்கும் ஒளிந்துகொள்வது இத்தகைய புதரில்தான். பெரும்பூ பூக்கும் கலப்பினக் கிரெவிலியாக்களை மட்டுமே நடும் வீடுகளில் நொய்சி மைனர் என்னும் இந்நாட்டுப் பறவை கூட்டமாகக் குடியேறி, சிறு குருவிகளைத் துரத்திவிடும். ஊரிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டு இங்கு தொல்லையாகிப்போன மைனா வேறு, இது வேறு. பெயர் ஒப்புமையால் இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் உண்டு.

கோடை முழுவதும் கங்காருப் புல்லின் செம்பழுப்புக் கதிர்கள் காற்றில் அசையும். ஆபிரிக்கா முதல் அவுஸ்திரேலியா வரை பரந்துள்ள இப்புல் நீலகிரியின் மலைப் புல்வெளிகளிலும் வளர்வது. நீலகிரிக்கும் இந்நாட்டுக்கும் இடையே கசப்பான தொடர்பும் ஒன்று உண்டு. இங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட வாட்டில் மரங்கள் அங்கே அதே புல்வெளிகளை மூடிவிட்டன. தன் இடத்தில் நன்மை செய்யும் மரம் பிற இடத்தில் களையாகிறது. இங்குள்ள களைகளுள் ஊரில் உண்ணிச்செடி எனப்படும் லன்ரானாவும் ஆபிரிக்க ஒலிவ மரமும் முன்னிற்கின்றன. இவ்விரண்டும் வளவில் தானாக முளைத்தால் இளமையிலேயே பிடுங்கிவிட வேண்டும்.

இறந்ததும் உறங்குவதும்

குளிர்காலத்தில் கங்காருப் புல் செம்பழுப்பாகிக் காய்ந்த வைக்கோல் போல நிற்கும். பல்பைன் அல்லியின் நிலை இதற்கு மாறானது. வசந்தத்தில் மஞ்சளாகப் பூத்த அது கோடையில் இலையும் தண்டும் இன்றி நிலத்துள் ஒடுங்கி, குளிர் வரும்போது மீண்டும் தலைநீட்டும். காந்தள் தன் பருவம் முடிந்ததும் கிழங்களவில் ஒடுங்குவதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஆயினும் இடம் மறந்துபோய், வெறுமண் என்று கருதி மண்வெட்டி போடுபவர்களே மிகுதி. நட்ட இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி வைத்தால் போதும்.

வறண்ட கோடையில் அவுரி இலைகளை உதிர்த்து நிற்கக்கூடும். இத்தகைய செடி உயிருடன் உள்ளதா என்பதை அறிய, கிளையின் பட்டையை நகத்தால் சிறிது கீறிப் பார்க்கலாம். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. நுனியில் பச்சை இல்லையெனில் அடியிலும் கீறிப் பார்க்க வேண்டும். எவ்வாறாயினும், முதல் ஆண்டில் எதையும் பிடுங்காது பொறுத்திருப்பதே நலம். ஒரு தாளில் மாதந்தோறும் எது துளிர்த்தது, எது பூத்தது, எது காய்ந்தது என்று ஒரு வரி எழுதி வைக்கும் வீடுகளில், இரண்டாம் ஆண்டில் அச்சம் தீர்ந்துவிடுகிறது.

மண், எரு, தண்ணீர்

இப்பகுதியின் மண் வியனமட்டாக் களிப்பாறையிலிருந்து உருவான கனத்த களிமண். மழையில் ஒட்டும்; வெயிலில் வெடிக்கும். குழிக்குள் மட்டும் கடையில் வாங்கிய நல்ல மண்ணை நிரப்புவது பெரும் தவறு. சுற்றியுள்ள களிமண் வாளியைப் போல் நீரைத் தேக்கி வேரை அழுகச் செய்யும். தொட்டியைப்போல் இருமடங்கு அகலமும், தொட்டியளவே ஆழமும் உள்ள குழி தோண்டி, தோண்டிய மண்ணையே உதிர்த்துத் திரும்ப இடவேண்டும். விரலளவு குழாய்த் தொட்டிகளில் விற்கப்படும் சிறு நாற்றுகளே சிறந்தவை. விலை குறைவு என்பதோடு, பெரிய தொட்டியில் வேர் சுருண்டு வளர்ந்த செடிகளை அவை ஓரிரு ஆண்டுகளில் எட்டிப் பிடித்துவிடும்.

எருவைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். அவுஸ்திரேலிய மண் மிகப் பழையது. அதில் பொஸ்பரஸ் குறைவு. கிரெவிலியா, பாங்சியா, வாராட்டா ஆகியவற்றின் குடும்பம் அக்குறைந்த அளவையும் உறிஞ்சிக்கொள்ளும் வகையில் கொத்துக் கொத்தான நுண்வேர்களை வளர்த்துக்கொண்டது. அத்தகைய செடிக்குக் கோழி எருவோ ரோசாச் செடிக்குரிய உரமோ இடும்போது, அது அளவறியாது பொஸ்பரஸை உள்ளிழுத்து நஞ்சுண்டாற்போல இலை கருகி இறக்கிறது. உரப்பொதியில் மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றுள் நடுவில் உள்ளது பொஸ்பரஸின் அளவு. அது ஒன்று, இரண்டைத் தாண்டாத உரமே இச்செடிகளுக்கு உரியது. நிலத்தில் நட்ட செடிக்கு உரமே இடாவிடினும் குறையில்லை. எருவும் அரிசி கழுவிய நீரும் புளித்த மோரும் கறிவேப்பிலைக்கே இருக்கட்டும். காய்கறிப் பாத்தியை மேட்டில் வைத்து, அதன் எருநீர் வழிந்து வரும் தாழ்விடத்தில் இம்மண்ணின் செடிகளை நடுவதும் அதே தீங்கையே செய்யும்.

முதற் கோடையில் வாரம் ஒருமுறை, வேர் வரை இறங்கும்படி ஆழமாக நீர் ஊற்ற வேண்டும். நாள்தோறும் மேலோட்டமாகத் தெளிப்பது வேரை மேற்பரப்பிலேயே தங்கச் செய்யும். காலை 10 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பின்போ ஊற்றினால் வீணாவது குறையும். இரண்டாம் கோடையில் மழையில்லாத போது இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை போதும். பின்னர் கடும் வறட்சியில் மட்டுமே தேவைப்படும்.

அடர்ந்த புல்லும் புதரும் பாம்பை வரவழைக்கும் என்ற அச்சம் பல வீடுகளில், குறிப்பாக மூத்தோரிடம், காணப்படுகிறது. நடைபாதைக்கும் வாசலுக்கும் அருகே உயரமான புல்லை நடாது, ஒரு மீற்றர் அகலத்துக்கு வெளியாக விடுவது நல்ல ஏற்பாடு. வெயில் காயும் பருத்த உடலும் குட்டைக் கால்களும் உள்ள நீலநாக்கு ஓணானைப் பாம்பென்று எண்ணி அடிப்பது நடந்துவருகிறது. அது நஞ்சற்றது, நத்தைகளைத் தின்று தோட்டத்துக்கு உதவுவது. நத்தைக்கு வைக்கும் நச்சுக் குளிகைகள் அதையும் கொல்லக்கூடும்.

தொடங்குமுன் அறியவேண்டியவை

ஆழமாகத் தோண்டுமுன் நிலத்தடிக் குழாய்களும் மின்கம்பிகளும் செல்லும் இடத்தை 'பிபோர் யூ டிக் அவுஸ்திரேலியா' சேவையின் மூலம் கட்டணமின்றி அறியலாம். வீட்டின் முன்னுள்ள தெருவோரப் புல்நிலம் பொது நிலமாதலால், அங்கு நடுவதற்கு நகரசபையின் விதிகளை முதலில் கேட்டறிதல் வேண்டும். வளவில் நிற்கும் பெரிய மரத்தை வெட்டுவதற்கும் பெரும்பாலும் அனுமதி தேவை. பாதுகாக்கப்பட்ட காட்டுத் துண்டுகளிலிருந்து செடியையோ விதையையோ எடுத்து வருவது குற்றம். இப்பகுதி விதையிலிருந்து வளர்க்கப்பட்ட நாற்றுகள் உள்ளூர்ச் செடிகளை வளர்க்கும் நாற்றுப்பண்ணைகளில் கிடைக்கும்; சில நகரசபைகள் குடியிருப்பாளருக்கு இலவசமாகவும் வழங்குவதுண்டு. வாங்குமுன் செடிகளை முழு வளர்ச்சியில் காண விரும்புவோர் மவுண்ட் அனன் அவுஸ்திரேலியத் தாவரவியற் பூங்காவுக்குச் செல்லலாம். கம்பர்லாந்துச் சமவெளி மரக்காட்டின் பகுதிகள் அங்கு பேணப்படுகின்றன. ஒரே பூங்காவை ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் டிசெம்பரிலும் பார்ப்பவருக்கு மேற்கூறியவை கண்ணெதிரே தெரியும்.

வாடகை வீட்டில் இருப்போர் நிலத்தைத் தோண்டத் தயங்குவது இயல்பு. டயனெல்லா, ஹார்டன்பேர்ஜியா ஆகிய இரண்டும் முப்பது சென்றிமீற்றர் அகலமுள்ள தொட்டியில் நன்கு வாழும். இந்நாட்டுச் செடிகளுக்கெனத் தனியே விற்கப்படும் தொட்டிமண்ணை இட வேண்டும். தொட்டி மண் நிலத்தைவிட விரைவில் காய்வதால் கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறையேனும் விரலை விட்டுப் பார்த்து நீர் ஊற்ற வேண்டும். வீடு மாறும்போது தொட்டியையும் உடன் கொண்டுசெல்லலாம். அவற்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றுவதற்கும் சித்திரையே ஏற்ற மாதம்.